ஈரத்தின் மேல் ஈரம்: ஆயில் பெயின்ட்டில் முதல் மலைக்காட்சி

ஆயில் பெயின்ட்டில் வழக்கமாக ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்ததை ஏற்றுவார்கள். வெட்-ஆன்-வெட் முறையில் அந்தக் காத்திருப்பு இல்லை. கேன்வாஸ் முழுக்க மெல்லிய வெள்ளை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வானம், மலை, மரம், நீர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கலாம். ஜெர்மன் ஓவியர் பில் அலெக்ஸாண்டர் 1970களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதைக் காட்டினார். அவரிடம் கற்ற பாப் ராஸ் 1983 முதல் 1994 வரை 403 பகுதிகளில் இதை உலகறியச் செய்தார். அலாஸ்காவில் விமானப்படைப் பணியில் இருந்தவர் என்பதால், பனி மூடிய சிகரங்கள் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும். முதல் படத்துக்கு அந்தக் காட்சியே பொருத்தம். ஆனால் அவரைப் போல அரை மணி நேரத்தில் முடிக்க முயல வேண்டாம். திரையில் வரைந்தபோது அவருக்கு எதிரே, ஏற்கெனவே முடித்த அதே படம் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. நீங்கள் மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையின் உயிர் பெயின்ட்டின் பதத்தில் இருக்கிறது. கெட்டியான பெயின்ட் மேல் இளகிய பெயின்ட் ஒட்டும். இளகியதன் மேல் கெட்டியானதை வைத்தால் இரண்டும் கலந்து சேறாகும். தொடங்குபவர்களின் தோல்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன; கைத்திறனைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

16க்கு 20 அங்குல கேன்வாஸ் போதும். விலை குறைந்த கேன்வாஸ் எண்ணெயை உறிஞ்சிவிடும், அடிப்பூச்சு ஈரமாக நிற்காது. அப்படிப்பட்டது கிடைத்தால் வெள்ளை ஜெஸ்ஸோ (கேன்வாஸைத் தயார்செய்யும் அடித்தளப் பூச்சு) இன்னொரு கை பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். பிரஷ்களில் 2 அங்குலம், 1 அங்குலம், விசிறி பிரஷ், நீண்ட மயிருள்ள லைனர் ஆகிய நான்கும், முனை நேராக உள்ள ஒரு பேலட் கத்தியும் வேண்டும். பெரிய பிரஷ்கள் விறைப்பான மயிராக இருக்கட்டும், வாட்டர் கலர் பிரஷ் உதவாது. நிறங்கள்: டைட்டானியம் ஒயிட், தேலோ புளூ, பிரஷ்யன் புளூ, கருப்பு, வான் டைக் பிரவுன், அலிசரின் கிரிம்சன், சாப் கிரீன், காட்மியம் யெல்லோ. வெள்ளை மற்றவற்றைவிடப் பல மடங்கு செலவாகும், பெரிய டியூபாக வாங்குங்கள். அக்ரிலிக் பெயின்ட்டில் இந்த முறை நடக்காது, பூசும்போதே காய்ந்துவிடும்.

மாணவர் தரப் பெயின்ட் சில சமயம் எண்ணெய் மிகுந்து இளகியிருக்கும். வரைவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே, வெள்ளையையும் மலைக்கான அடர்நிறங்களையும் அட்டைத் துண்டில் பிதுக்கி வையுங்கள். அட்டை எண்ணெயை இழுத்துக்கொள்ளும், பெயின்ட் கெட்டிப்படும்.

அடிப்பூச்சுக்கான லிக்விட் ஒயிட்டை வீட்டிலேயே செய்யலாம். டைட்டானியம் ஒயிட்டில் ஆளி விதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தேன் பதம் வரும்வரை குழையுங்கள். இந்த அளவு கேன்வாஸுக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். 2 அங்குல பிரஷால் குறுக்கும் நெடுக்குமாக, கேன்வாஸின் நெசவுக்குள் இறங்கும்படி அழுத்தித் தேயுங்கள். பிறகு விரலால் ஒரு மூலையைத் தொட்டுப் பாருங்கள். விரல் ரேகையின் மேடுகளில் மட்டும் வெள்ளை ஒட்டினால் சரி. விரல் முழுக்க அப்பினால் அதிகம், சமையலறைத் தாளை ஒற்றி எடுங்கள். வேறு எந்தக் கட்டத்தைவிடவும் இந்தச் சோதனைக்கு நேரம் கொடுங்கள்.

வானத்துக்குத் தேலோ புளூ. கடுகளவு போதும், அவ்வளவு வீரியமான நிறம். பிரஷின் நுனியில் மட்டும் தொட்டு, மேலிருந்து கீழாகச் சிறு சிறு பெருக்கல் குறிகள் போட்டு வாருங்கள். கீழே வர வர அடியிலுள்ள வெள்ளை கலந்து நீலம் தானாக வெளுக்கும். அந்தச் சாயல் மாற்றத்துக்காகத்தான் அடிப்பூச்சே. கடைசியில் பெரிய, உலர்ந்த பிரஷால் லேசாக வருடி விடுங்கள்.

மலைக்குக் கருப்பு, பிரஷ்யன் புளூ, பிரவுன், கொஞ்சம் கிரிம்சன் சேர்த்துக் கலக்குங்கள். கத்தியால் சிகரத்தின் வெளிக்கோட்டை அழுத்தித் தேய்த்து, ஒட்டாமல் நிற்பதையெல்லாம் சுரண்டி எடுத்துவிடுங்கள். கேன்வாஸில் கறை மட்டும் மிஞ்ச வேண்டும். உலர்ந்த 2 அங்குல பிரஷால் அதைச் சரிவின் போக்கில் கீழே இழுத்தால் அடிவாரம் மங்கிப் பனிமூட்டம் போல் வரும்.

அடுத்தது உறைபனி. எல்லோரும் தடுமாறும் இடம் இது. கெட்டியான வெள்ளையைப் பேலட்டில் (நிறம் கலக்கும் பலகை) மெல்லிசாகப் பரப்பி, கத்தியின் விளிம்பால் குறுக்கே வெட்டினால் விளிம்பில் சிறு உருளையாக ஏறும். அதைச் சிகரத்தில் வைத்து, அழுத்தமே கொடுக்காமல் சரிவில் இறக்குங்கள். கத்தியின் எடைகூடக் கேன்வாஸில் இறங்கக் கூடாது. அப்போது வெள்ளை அங்கங்கே விட்டுவிட்டு ஒட்டும். இடைவெளியில் தெரியும் கருமைதான் பாறை. வெள்ளை இழைந்து சாம்பலானால் காரணம் மூன்றில் ஒன்று: அடியில் அடர்நிறம் மிஞ்சியிருக்கும், வெள்ளை இளகியிருக்கும், அல்லது கை அழுத்தியிருக்கும். ஒளி வலமிருந்து வருவதாக வைத்தால், இடச்சரிவில் வெள்ளையோடு பிரஷ்யன் புளூ கலந்த நிழலை எதிர்த்திசையில் இறக்குங்கள். வைத்த இடத்தை மறுபடி தொடாதீர்கள்.

தூரத்து மரங்களுக்கு விசிறி பிரஷில் சாப் கிரீனும் கருப்பும் ஏற்றி, நின்ற வாக்கில் தட்டித் தட்டி வரிசையாக நிறுத்துங்கள். அதே நிறத்தைக் கீழே நேராக இழுத்து, பிறகு பிரஷைப் படுக்கை வாக்கில் ஒரு முறை மிக லேசாக ஓட்டினால் ஏரியில் பிரதிபலிப்பு வந்துவிடும். முன்னால் அதே கரும்பச்சையில் புதர்களைத் தட்டி, அவற்றின் வெளிச்ச இலைகளுக்கு மஞ்சள் கலந்த பச்சையை இரண்டு சொட்டுத் தின்னர் விட்டு இளக்குங்கள். இல்லையென்றால் அடியிலுள்ள கருமையில் ஒட்டாது. 1 அங்குல பிரஷின் மூலையால் தட்டுங்கள், பாதி இடத்தையாவது இருட்டாகவே விட்டுவைத்தால்தான் புதருக்கு ஆழம் இருக்கும். மெல்லிய கிளைகளை லைனரால் இழுக்க, பெயின்ட் மையளவு நீர்த்திருக்க வேண்டும்.

கெட்டுப்போன பகுதியைச் சரிசெய்வதும் எளிது. கத்தியால் சுரண்டி, தாளால் துடைத்து, லிக்விட் ஒயிட்டைத் துளி தேய்த்து மறுபடி தொடங்கலாம்.

நிறம் மாற்றும்போது பிரஷை மணமில்லாத தின்னரில் அலசி, உள்ளே பை விரித்த வாளிக்குள் உதறி, துணியில் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். தின்னர் மிஞ்சினால் அடுத்த வீச்சு அடிப்பூச்சையே கழற்றிக் கேன்வாஸை வெளியே காட்டிவிடும். அழுக்கான தின்னரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். ஓரிரு நாளில் வண்டல் அடியில் தங்கும், தெளிந்ததை வடித்து மறுபடி பயன்படுத்தலாம். சன்னல்கள் திறந்திருக்கட்டும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேரும்போது சூடு உண்டாகி, குவியல் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

படம் காய்வதும் அதே ஆக்சிஜனால்தான், ஈரம் ஆவியாவதால் அல்ல. வானம் ஓரிரு வாரத்தில் தொடும் அளவுக்குக் காயும். தடித்த உறைபனிக்கு இன்னும் பல வாரங்கள் ஆகும். தூசி படாமல் சுவரில் சாய்த்து வையுங்கள். இறுதி வார்னிஷை ஆறு மாதம் கழித்துப் பூசலாம்.