டெல் பிரிசிஷன் டி3500: பழைய வொர்க்ஸ்டேஷனில் டெபியன் நிறுவும் முறை

2009-இல் வெளிவந்த டெல் பிரிசிஷன் டி3500, இன்டெலின் எக்ஸ்58 சிப்செட்டும் ஜியான் டபிள்யூ3500 வரிசைச் செயலியும் கொண்டது. அலுவலகங்கள் கழித்துவிட்ட பிறகும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணினி இது. கணினியைத் துவக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளில் புதிய வகையான யுஇஎஃப்ஐ இதில் கிடையாது, பழைய பயாஸ் மட்டுமே உண்டு என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நிறுவும்போது எழும் தடங்கல்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

எந்த லினக்ஸ் என்பதைச் செயலிதான் முடிவு செய்கிறது. இந்தத் தலைமுறைச் செயலிகளில் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி உண்டு, அதற்குப் பின் வந்த ஏவிஎக்ஸ் இல்லை. ஆகவே, 2025-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 இதில் இயங்காது. அது ஏவிஎக்ஸின் அடுத்த பதிப்பான ஏவிஎக்ஸ்2 உள்ள செயலியைக் கேட்கிறது. மாங்கோடிபி 5.0 தரவுத்தளத்துக்கும், இயந்திரக் கற்றலுக்கான டென்சர்ஃப்ளோவின் ஆயத்தத் தொகுப்புகளுக்கும் ஏவிஎக்ஸ் தேவை என்பதால், அவற்றுக்காகவே கணினி வாங்குபவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 13-இன் 64-பிட் பதிப்புக்கு அப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை. என் பரிந்துரை அதுவே.

பென் டிரைவைத் தொடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அது தீர்ந்துபோயிருந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்போது தொகுப்புப் பட்டியல் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று சொல்லி, தொகுப்புகளை இறக்கி நிறுவும் கருவியான ஏபிடி பதிவிறக்கத்தை நிறுத்திவிடும். இணைய இணைப்பில்தான் கோளாறு என்று எண்ணிக் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலைப்பொழுதை நான் இழந்திருக்கிறேன். அடுத்தது நினைவகம். தகடுகளுக்கு ஆறு இடங்கள், செயலியோடு இணைக்கும் மூன்று தடங்கள் என்பதால் ஒரே அளவிலான மூன்று தகடுகளை ஒன்றாகப் போடுவது வேகத்துக்கு நல்லது. பிழையைத் தானே திருத்தும் ஈசிசி தகடுகளோடு சாதாரணத் தகடுகளைக் கலந்தால் ஈசிசியின் பிழைதிருத்தம் கிடைக்காமல் போகும். பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற நினைவகச் சோதனை நிரலைக் கொண்டு குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது சோதியுங்கள்.

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவியின் வட்டுப் பிம்பம்) சிதையாமல் வந்ததா என்பதை எஸ்ஹெச்ஏ256 மதிப்பைக் கொண்டு சரிபார்த்து, டிடி (dd) கட்டளையால் பென் டிரைவில் எழுதுங்கள். எழுதவேண்டியது எஸ்டிபி (sdb) போன்ற முழுச் சாதனத்தில், எஸ்டிபி1 (sdb1) போன்ற பகிர்வில் அன்று. எந்தப் பெயர் பென் டிரைவுடையது என்பதை எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை காட்டும் கொள்ளளவை வைத்து இரண்டு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். எழுத்து ஒன்று மாறினால் வேறு வட்டு அழிந்துவிடும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற நிரலைக் கொண்டு எழுதுபவர்கள் டிடி முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

கணினியை இயக்கியதும் எஃப்2-ஐ அழுத்திப் பயாஸுக்குள் சென்று, வட்டுகளை இணைக்கும் சாட்டாவின் அமைப்பில் ஏஹெச்சிஐ (AHCI) என்ற சொல் உள்ள தேர்வை வைத்துச் சேமியுங்கள். மறுமுறை எஃப்12-ஐ அழுத்தி யுஎஸ்பி சாதனத்தைத் தேர்ந்தெடுங்கள். நிறுவியின் மெனு தோன்றிய பின் திரை கறுத்துப்போனால், குவாட்ரோ எஃப்எக்ஸ் 1800 போன்ற பழைய வரைகலை அட்டையே காரணமாக இருக்கலாம். மெனுவில் டேப் விசையையோ, கிரப் என்ற துவக்க நிரலின் மெனுவாக இருந்தால் இ விசையையோ அழுத்தி, கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) வரியின் இறுதியில் "நோமோட்செட்" (nomodeset) என்ற சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றிச் சேர்த்துத் தொடருங்கள். இந்த அட்டைக்கான என்விடியாவின் 340 வரிசை இயக்கியின் ஆதரவு 2019 இறுதியோடு முடிந்துவிட்டது. நிறுவிய பின் கெர்னலோடு வரும் நூவோ இயக்கியே அன்றாட மேசை வேலைக்குப் போதுமானது.

வட்டைப் பிரிக்கும் கட்டத்தில் நிதானம் வேண்டும். 2 டிபிக்கு மேற்பட்ட வட்டை முழுதாகப் பயன்படுத்த, பகிர்வுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணை போதாது, புதிய ஜிபிடி அட்டவணை தேவை. ஆனால் பயாஸ் வழியாகத் துவங்கும் கணினியில் ஜிபிடி வட்டிலிருந்து கிரப் எழும்ப வேண்டுமானால், அது தன் குறிநிரலை வைத்துக்கொள்ள 1 எம்பி அளவில் ஒரு சிறு பகிர்வைத் தனியே ஒதுக்க வேண்டும். கையால் பகிர்வு செய்பவர்கள் அதன் பயன்பாட்டை "பயாஸ் பூட்டுக்காக ஒதுக்கிய பகுதி" என்று அமைக்க வேண்டும். அதற்குக் கோப்பு முறைமை எதுவும் தேவையில்லை. இதை விட்டுவிட்டால் எல்லாத் தொகுப்புகளும் இறங்கி முடிந்த பிறகு, கடைசிக் கட்டத்தில், கிரப் நிறுவல் தோல்வியடைந்தது என்ற சிவப்புத் திரை வந்து நிற்கும்.

சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுவதே இந்தக் கணினிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம். சாட்டா 3 ஜிபிட் வேகத்தோடு நின்றுவிடும் என்றாலும், சிறு கோப்புகளை அங்கும் இங்கும் தேடிப் படிக்கும் வேலை அதில் தடைபடுவதில்லை. பிசிஐஇ அட்டை வழியாக, சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போட்டால் இந்தப் பயாஸ் அதிலிருந்து துவங்காது. கிரப்பையும் பூட் பகிர்வையும் ஒரு சிறிய சாட்டா வட்டில் வைத்து, இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வை மட்டும் என்விஎம்இயில் வைத்தால் தடையின்றி இயங்கும்; கெர்னல் ஏறியபின் பயாஸின் தயவு தேவையில்லை.

நிறுவி முடித்ததும், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் (dmesg) கட்டளையின் வெளியீட்டில், நினைவகப் பிழைகளைக் கண்காணிக்கும் பகுதியான எடாக் (EDAC) என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ஈசிசி தகடுகள் சரியாகப் பொருந்தியிருந்தால், ஐ7கோர் எடாக் (i7core_edac) நிரற்கூறு நினைவகக் கட்டுப்பாட்டகத்தைப் பொறுப்பேற்ற வரி அங்கே தென்படும். அதன்பின் நினைவகத்தில் திருத்தப்படும் ஒவ்வொரு பிழையும் கெர்னல் பதிவில் ஏறும். அந்தப் பிழைகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடினால், எந்தத் தகடு என்று பார்த்து அதை மட்டும் மாற்றிவிடுங்கள்.