பனியில் கேஸ் அடுப்பு: அணையாமல் எரிய வைக்கும் முறை

டிசம்பர், ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்காந்தா போன்ற பனிமலைக்குப் போகிறவர்களுக்கு வழக்கமாக வரும் தொல்லை இது. மாலையில் சீறிக்கொண்டு எரிந்த அடுப்பு விடியற்காலையில் அகல்விளக்கு போலச் சிறுத்துவிடும். கேனிஸ்டரை, அதாவது அடுப்போடு மாட்டும் சிறிய கேஸ் குப்பியை, ஆட்டினால் உள்ளே திரவம் குலுங்கும். உடனே பர்னரைக் கழற்றிக் குடைய வேண்டாம், கோளாறு அங்கே இல்லை. குளிர்ந்து போனது கேனிஸ்டர்.

உள்ளே திரவமாக இருப்பது பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரொப்பேன் ஆகியவற்றில் ஒன்றோ அவற்றின் கலவையோதான். அது ஆவியானால்தான் பர்னருக்கு கேஸ் வரும். கடல் மட்டத்தில் சாதா பியூட்டேன் −0.5 டிகிரியிலும், ஐசோபியூட்டேன் −12 டிகிரி வாக்கிலும், புரொப்பேன் −42 டிகிரியிலும் கொதிக்கும். அந்தந்த அளவுக்குக் கீழே குளிர்ந்தால் அந்தத் திரவம் கேஸாகி கேனிஸ்டரை விட்டு வெளியே வராது. உயரம் கொஞ்சம் கை கொடுக்கிறது: 4,000 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் பியூட்டேன் −13 டிகிரி வரை ஆவியாகும். ஆனால் ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் கேனிஸ்டரின் சூட்டையே உறிஞ்சிக்கொண்டு போகிறது. பத்து நிமிடம் எரிந்த கேனிஸ்டர் சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்து, வெளிப்புறத்தில் வெண்பனி படிவது இதனால்தான். போதாக்குறைக்கு, கலவையில் புரொப்பேன்தான் அதிகமாக முந்திக்கொண்டு வெளியேறும். அதனால் பாதிக்கு மேல் தீர்ந்த கேனிஸ்டர்தான் பெரும்பாலும் காலை வாரும்.

வாங்கும்போது

லேபிளைப் படியுங்கள். ஐசோபியூட்டேனும் 20–30 சதவீதம் புரொப்பேனும் கலந்த, திருகு வால்வு உள்ள குட்டையான கேனிஸ்டர் வேண்டும். மேசையில் வைத்துச் சமைக்கும் சிறிய அடுப்புகளுக்கான நீளமான கேன்களில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன்தான். ஊட்டிக்கு அது போதும், பனிக்கு ஆகாது. விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் கேனிஸ்டருக்குத் தடை. டேராடூன் போன்ற ஊரில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

பற்ற வைக்கும் வரிசை

இரவில் அடுப்பைக் கழற்றி, கேனிஸ்டரை மூடி போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். லைட்டரும் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். அதற்குள்ளும் பியூட்டேன்தான், குளிர்ந்தால் அதுவும் பற்றாது. அடுப்பிலுள்ள பொத்தான் பொறியை மட்டும் நம்பாமல் ஒரு தீப்பெட்டியும் வைத்திருங்கள்.

காலையில் பனியை மிதித்துச் சமமாக்கி, அதன் மேல் பலகைத் துண்டோ ஃபோம் பாய்த் துண்டோ போடுங்கள். அடுப்பின் ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மரையைக் கோணலாக ஏற்றாமல் கையாலேயே திருகுங்கள். சீறல் சத்தமோ கேஸ் வாடையோ வந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

அடுத்து, ஒரு தட்டில் 2–3 செ.மீ. உயரத்துக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி அதில் கேனிஸ்டரை நிறுத்துங்கள். பலன் அதிகம், செலவு இல்லை. நீர் உறையாத வரை பூஜ்யத்துக்குக் கீழே போகாது, ஐசோபியூட்டேன் கலவைக்கு அந்தச் சூடே தாராளம். நீர் சில்லிட்டதும் மாற்றுங்கள். கொதிநீர் மட்டும் கூடாது. 50 டிகிரிக்கு மேல் கேனிஸ்டர் சூடேறவே கூடாது.

இதே காரணத்தால், கேனிஸ்டரின் தலையில் நேரடியாக உட்காரும் அடுப்பைச் சுற்றி காற்றுத் தடுப்புத் தகட்டை முழுதாகச் சுற்றாதீர்கள். சூடு உள்ளேயே தேங்கினால் கேனிஸ்டர் வெடிக்கும். காற்று வரும் பக்கம் மட்டும், சற்றுத் தள்ளி மறைத்தால் போதும். கேனிஸ்டரை அடிக்கடி தொட்டுப் பாருங்கள், கைக்குச் சூடு தெரிந்தால் உடனே அணையுங்கள்.

−10க்குக் கீழே

கேனிஸ்டரைத் தள்ளி வைத்து இணைக்கும் குழாய் வைத்த அடுப்புதான் சரி. அதிலும் எரிபொருள் குழாய் தீச்சுடர் வழியாகச் சென்று சூடாகும் வகையாக இருக்க வேண்டும். கேனிஸ்டர் நிமிர்ந்தபடியே பற்ற வைத்து, ஒரு நிமிடம் எரிய விட்டு, தீயைக் குறைத்து, மெல்லக் கவிழ்த்து வையுங்கள். இப்போது திரவமே குழாய்க்குப் போய் சுடரருகே ஆவியாகும். புரொப்பேனின் அழுத்தம் தள்ளும் வேலையை மட்டும் செய்யும், அதனால் கலவையும் கடைசிவரை பெரிதாக மாறாது. தீ கூடுவதும் குறைவதும் சில விநாடி தாமதமாகவே நடக்கும், அவசரப்பட்டு வால்வை முறுக்காதீர்கள். முடித்ததும் கேனிஸ்டரை நிமிர்த்தி, குழாயில் மிச்சமிருப்பது எரிந்த பிறகு மூடுங்கள். தலையில் உட்காரும் அடுப்பை இப்படிக் கவிழ்த்தால் தீ பந்தமாகச் சீறும்.

டென்ட்டுக்குள் பற்ற வைக்க வேண்டாம். அடுப்பு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

எவ்வளவு கேஸ்?

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க 10–15 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் ஏறக்குறைய இரு மடங்கு. உருக்கும்போது பாத்திரத்தில் முதலில் ஒரு கை நீர் ஊற்றிவிட்டுப் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அடி தீயும். 230 கிராம் கேஸ் பிடிக்கும் கேனிஸ்டரின் வெற்று எடை சுமார் 150 கிராம், பிராண்டுக்கு ஏற்பக் கொஞ்சம் மாறும். கிளம்பும் முன் தராசில் வைத்து, வெற்று எடையைக் கழித்து, மிச்சம் எவ்வளவு என்பதை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.