குறைந்த செலவில் கடல் மீன் தொட்டி: எந்த ஃபில்டர், எப்படித் தொடங்குவது?

காரைக்குடிப் பக்கத்தில் கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் ஃபில்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஃபில்டர் என்பது பாக்டீரியாவுக்கு நாம் கட்டித்தரும் வீடு. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்த பாக்டீரியாதான். இது புரிந்துவிட்டால் விலை உயர்ந்த ஃபில்டர் தேவைப்படாது.

தொட்டி 100 லிட்டராவது பிடிக்க வேண்டும். அதைவிடச் சிறியதில் உப்பும் வெப்பமும் சட்டென்று மாறிவிடும். முற்றத்து வெயில் படாத உள்பத்தியில், உறுதியான மேசை மீது வையுங்கள். அடியில் ரப்பர் விரிப்பு அவசியம். உப்புநீர் சொட்டிக் காய்ந்தால் ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளை பூத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் பழைய பளபளப்பு வராது.

இனி ஃபில்டர். காற்று பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் மிக மலிவு. ஆனால் குமிழிகள் உடைந்து மூடியெங்கும் உப்பு படியும். தண்ணீருக்குள் மூழ்கும் மோட்டார் ஃபில்டர் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தொட்டியை மேலும் சூடாக்கும். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டரான கேனிஸ்டர் நல்லது, விலை அதிகம். அடிக்கடி கழுவாவிட்டால் உள்ளே அழுக்கு தங்கி நைட்ரேட் ஏறும். என் தேர்வு, கண்ணாடி விளிம்பில் மாட்டும் ஹேங்-ஆன் ஃபில்டர். 100 லிட்டருக்கு மணிக்கு 500 லிட்டராவது இறைப்பதாகப் பாருங்கள். அதனுடன் வரும் கார்பன் அட்டையை மாதந்தோறும் மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் பாக்டீரியாவும் குப்பைக்குப் போகும். அந்த இடத்தில் ஸ்பாஞ்சும் செராமிக் வளையங்களும் நிரப்புங்கள். மிச்சமாகும் பணத்தில் தொட்டி நீரை ஓடவைக்கும் ஒரு சிறிய வேவ் மேக்கர் வாங்கலாம்.

தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் மீன் தொட்டிக்கான கடல் உப்புக் கலவை போட வேண்டும். சமையல் உப்பும் கல்லுப்பும் ஆகவே ஆகாது. கடல்நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் போன்றவை அவற்றில் போதிய அளவு இல்லை. அடர்த்தி 1.025 வர வேண்டும். இதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கத் தயங்காதீர்கள்.

கலக்குவது பிளாஸ்டிக் டிரம்மில் மட்டும். நான் ஒருமுறை பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவில் உப்புநீரை இரவு முழுக்க வைத்துத் தொட்டியில் ஊற்றினேன். மறுநாள் காலை மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. இரண்டு இறால்களும் கால்களை மடக்கிக்கொண்டு மணலில் செத்துக் கிடந்தன. பித்தளையில் செம்பு இருக்கிறது. மீன் தாங்கும் அளவு செம்பைக்கூட இறால் தாங்காது.

தொட்டிக்குள் வைக்கும் பாறைக்குக் கடற்கரையில் கிடக்கும் பவளக்கல்லை எடுத்துவராதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கடினப் பவளங்களைப் பாதுகாக்கிறது. துளைகள் நிறைந்த செராமிக் கற்கள் போதும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் உரித்த பச்சை இறால் ஒன்றை மெல்லிய துணியில் கட்டி உள்ளே போடுங்கள். அது அழுகும்போது அம்மோனியா ஏறும். பிறகு நைட்ரைட் ஏறும். கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகலாம். சோதனைக் கிட் பூஜ்யம் காட்டும்வரை மீன் வாங்காதீர்கள்.

முதல் மீனாகப் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி போதும். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இந்த மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தில் உழைத்திருக்கிறது. பண்ணை மீன் தீவனத்துக்குப் பழகியிருக்கும். கடலிலிருந்து ஒரு மீன் குறையவும் குறையாது.

கோடையில் சிறு மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மீது திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் நீர் வேகமாக வற்றும். வற்றுவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே கண்ணாடியில் கோடு போட்டு, தினமும் அந்த அளவுவரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். வாரம் 10 லிட்டர் மாற்றும்போது, வெளியே எடுத்த அந்தப் பழைய நீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்து மீண்டும் மாட்டிவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம்.