மாபெரும், பிரம்மாண்ட, பூதாகார: பெரியதைச் சொல்லும்போது தவறுகிற இடங்கள்

ஈரோட்டில் அச்சக வேலை பார்க்கிறவன் நான். மாசி, பங்குனி வந்தால் திருவிழா நோட்டீஸ்தான் எங்களுக்குச் சோறு போடும். போன பங்குனியில் ஒரு பெரியவர் நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்த முதல் வரி இது: ‘மிகப் பிரம்மாண்டமான மாபெரும் அன்னதானப் பெருவிழா’. ஒரே வரிக்குள் பெரிது, பெரிது என்று எத்தனை முறை வந்துவிட்டது பாருங்கள். “ஐயா, எத்தனை பேருக்குங்க சோறு போடறீங்க?” என்று கேட்டேன். “நாலாயிரம் பேருக்குங்க தம்பி. பதினாறு சிப்பம் அரிசி வந்து எறங்கிருச்சு” என்றார். அதையே முதல் வரியாக்கினோம்: ‘நாலாயிரம் பேருக்கு அன்னதானம்’. அவருக்கும் அதுதான் பிடித்தது.

அந்தப் பெரியவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெரியதைச் சொல்லத் தமிழில் சொற்கள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

பிரம்மாண்டம் என்பது பிரம்மம், அண்டம் என்ற இரண்டும் சேர்ந்த சொல். இந்த உலகங்கள் அத்தனையையும் உள்ளடக்கிய முட்டை என்று பொருள். அதற்கு முன்னால் ‘மிக’ போட்டு என்ன கூட்டப்போகிறோம்? விஸ்வரூபம் வேறு. அது இருப்பதில்லை, எடுப்பது. அதுவரை எளிய உருவில் நின்றது கண்ணெதிரே ஓங்கினால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. குடிநீர்ப் பிரச்சினை விஸ்வரூபம் எடுக்கலாம். ஏற்கெனவே கட்டி முடித்து நிற்கிற கல்யாண மண்டபம் எடுக்காது. அடுத்தது பூதாகாரம். பூதம், ஆகாரம், இங்கே ஆகாரம் என்றால் வடிவம். நாளிதழ் தலைப்பு வரைக்கும் ‘பூதாகரம்’ என்றே வந்து பழகிவிட்டது. ‘கா’வில் காலை விட்டுவிடாதீர்கள். பூதத்தின் உருவம் என்பதால் அதில் ஓர் அச்சமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகிழ்ச்சியான சேதிக்கு அது பொருந்தாது.

அசுர, ராட்சத என்ற சொற்களுக்கும் இதே கவனம் வேண்டும். ராட்சத ராட்டினம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது, இருக்கட்டும். ஆனால் ‘முருகன் கோயில் திருப்பணி அசுர வேகத்தில் நடைபெறுகிறது’ என்று அச்சுக்கு வரும்போது என் கை நின்றுவிடும். சூரனை அழித்த முருகன் கோயிலுக்கு அசுர வேகமா? ‘விறுவிறுவென்று’ போதும்.

இலக்கணத்தில் பலரும் இடறுவது ‘பெரு’வா ‘பேர்’ஆ என்பதில்தான். இதற்குப் புத்தகம் புரட்டவே வேண்டாம், நம் ஊர்ப் பெயர்களே போதும். நொய்யல் கரையில் பட்டீசுவரர் இருக்கும் ஊர் பேரூர். ஈரோட்டுக்கு மேற்கே பெருந்துறை. அடுத்து வருவது உயிரெழுத்தானால் பேர், மெய்யோடு சேர்ந்த எழுத்தானால் பெரு. ஆகவே பேருதவி, பேராபத்து, பேரிழப்பு. பெருவெள்ளம், பெருங்காற்று, பெருந்தீ. ‘பெரும் ஆபத்து’ என்று பிரித்து எழுதுவது இன்று எங்கும் இருக்கிறது, ஆனாலும் ‘பேராபத்து’ என்பதில் இருக்கும் அழுத்தம் அதில் வருவதில்லை.

பிரிக்கும் இடம் மாறினால் வரலாறே மாறிவிடும். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரும்பு உருக்கியதற்கும் மணிக்கற்களைப் பட்டை தீட்டியதற்கும் அகழாய்வில் தடயம் கிடைத்த ஊர். அங்குள்ள ஈமச்சின்னங்களைப் பெருங்கற்காலத்தவை என்பார்கள். இதைப் ‘பெரும் கற்காலம்’ என்று பிரித்துப் படித்து, கற்காலத்திலேயே பெரிய கற்காலம் ஒன்று இருந்ததாக எழுதுகிறவர்கள் உண்டு. பெருங்கல் நட்டும், பலகைக் கற்களால் அறை அமைத்தும் இறந்தவர்களை அடக்கம் செய்த காலம் என்பதே பொருள். அந்த மக்கள் கையில் இருந்தது இரும்பு. பெருமை இங்கே கல்லுக்கு, காலத்துக்கு இல்லை.

சில சொற்களுக்கு அளவுகோல் உண்டு. கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று வானிலை மையம் சொல்வது அலங்காரத்துக்காகச் சொல்வதில்லை. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. முதல் 11.55 வரை பெய்தால் கனமழை, 11.56 முதல் 20.44 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதே என்று அதி கனமழை என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. சாக்கடை அடைத்திருந்தாலும் முழங்கால் அளவு நிற்கும்.

வலுவைச் சொல்லும் சொற்களும் அப்படியே. ஆற்றல், திறன் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். மோட்டாரும் விசைத்தறியும் நிறைந்த நாட்டில் இந்தக் குழப்பம் வரலாமா? கிணற்று மோட்டாரின் 5 எச்பி என்பது திறன், அதாவது வேலை நடக்கும் வேகம். 1 எச்பி 746 வாட். கரண்ட் பில்லில் வரும் யூனிட் ஆற்றல்; 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பல்லடம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றும் காற்றாலை ஒன்று 2 மெகாவாட் என்றால் அது அதன் திறன். ஒரு மணி நேரம் முழுத் திறனில் சுற்றினால் 2,000 யூனிட் வரும். ‘2 மெகாவாட் ஆற்றல் உற்பத்தியானது’ என்று எழுதினால் எவ்வளவு நேரத்துக்கு என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும்.

காற்றின் வேகத்தைச் சொல்ல நம் சனங்களிடம் வேறு வழி இருக்கிறது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும். ‘கடுமையான, பலத்த, சூறாவளிக் காற்று’ என்று மூன்று அடைமொழி அடுக்குவதற்கு அந்த ஒரு அம்மி ஈடு. எங்கள் அப்புச்சி தோட்டத்துப் புளியமரத்தை ‘பெரிய மரம்’ என்று சொன்னதே கிடையாது. “ரெண்டு ஆளு கைகோத்தாலும் சுத்த முடியாது” என்பார். கேட்கிறவன் மனதில் தானாகக் கை விரியும்.

கடைசியாக ‘மிகப் பெரிய’. இதை எழுதும்போது எதில், எந்த வகையில் பெரியது என்று சேர்த்தே எழுதுங்கள். பவானிசாகரைப் பெரிய மண் அணை என்பார்கள். சுற்றுலாக் குறிப்பு ஒன்றை அச்சுக்குத் தட்டச்சு செய்கையில் நானே ‘மண்’ணை விட்டுவிட்டேன், ‘தமிழ்நாட்டின் மிகப் பெரிய அணை’ என்று வந்துவிட்டது. பவானிசாகரின் கொள்ளளவு 32.8 டிஎம்சி. பக்கத்திலேயே மேட்டூர் 93.47 டிஎம்சியோடு நிற்கிறது. மெய்ப்பு பார்த்த அண்ணன் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, “மேட்டூர எங்க கொண்டு போய் வெப்பீங்க தம்பி?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தத் தாளை இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.