செக்சம் சரி, எல்லை தவறு: ஹெக்ஸ் ஃபைலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனில் நாட்டுப்படகுக்காரர் ஒருவருக்காக எச்சரிக்கைப் பெட்டி ஒன்று செய்தேன். சிப்பில் எழுதிவைத்த அட்சரேகைக்குத் தெற்கே படகு இறங்கினால் பஸ்ஸர் கத்த வேண்டும். சோதனைக்கு 9 டிகிரி 10 நிமிடத்தை எல்லையாக வைத்தேன். அது தனுஷ்கோடிப் பக்கம் வரும். அரிச்சல்முனை ரோட்டில் பைக்கிலேயே போய்ப் பார்த்துவிடலாம். பெட்டியோ பாம்பனில் வீட்டு வாசலிலேயே கத்தத் தொடங்கிவிட்டது.

தவறு என்னுடையதுதான். 9 டிகிரி 10 நிமிடம் என்றால் மொத்தம் 550 நிமிடம். பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் எண்ணில் 0226. சிப்பில் ஏற்ற வேண்டியதை எழுத்துகளாக எழுதிவைக்கும் இன்டெல் ஹெக்ஸ் ஃபைலில் நான் எழுதிய வரி இது:

:02004000022696

முக்காற்புள்ளிக்கு அப்புறம் வரும் 02, தகவலின் பைட் எண்ணிக்கை (இரண்டு ஹெக்ஸ் இலக்கம் ஒரு பைட்). 0040 முகவரி. அடுத்த 00, ‘இது தகவல் வரி’ என்று சொல்லும் வகை எண். 0226 தகவல், 96 செக்சம், அதாவது பைட்டுகளைக் கூட்டிப் போடும் சரிபார்ப்பு எண். முகவரியில் பெரிய பைட் (இடமதிப்பு கூடியது) முதலில் வர வேண்டும் என்பது விதி. அந்தப் பழக்கத்தில் தகவலையும் அப்படியே எழுதிவிட்டேன். தகவலுக்கு அப்படி விதி எதுவும் இல்லை. எழுதிய வரிசையிலேயே பைட்டுகள் மெமரியில் போய் உட்காரும். என் புரோகிராம் சிறிய பைட்டை முதலில் எதிர்பார்ப்பது. ஆகவே 2602 என்று படித்தது: 9730 நிமிடம், அதாவது 162 டிகிரி 10 நிமிடம். அட்சரேகை 90 டிகிரியோடு முடிந்துவிடும். உலகமே எல்லைக்குத் தெற்கே இருந்தால் பெட்டி கத்தாமல் என்ன செய்யும்?

திருத்திய வரி :02004000260296. இதிலும் செக்சம் 96தான். வெறும் கூட்டல் என்பதால் பைட்டுகள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. எழுதியபின், சிப்பில் ஏற்றும் கருவியான புரோகிராமரில் வெரிஃபை கொடுத்தாலும் பயனில்லை. அது சிப்பை ஃபைலோடுதான் ஒப்பிடும், ஃபைலே தப்பாக இருந்தால் ‘சரி’ என்றுதான் சொல்லும். புரோகிராம் படித்த எண்ணைத் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

செக்சத்தைக் கையால் போடுபவர்கள் சிலர் முக்காற்புள்ளியையும் சேர்த்துக் கூட்டுவார்கள், அல்லது எழுத்து எழுத்தாகக் கூட்டுவார்கள். இரண்டும் தவறு. இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு பைட்டாக எடுக்க வேண்டும். மேலே உள்ள வரியில் 02, 40, 26, 02 என்பவை சாதாரண எண்ணில் 2, 64, 38, 2. சேர்ந்து 106. 256-இலிருந்து கழித்தால் 150, அதுவே ஹெக்ஸில் 96. கூட்டுத்தொகை 255-ஐத் தாண்டினால் கடைசி பைட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்லோடர் (சிப் இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் சிறு புரோகிராம்) ஃபைலையும் புரோகிராம் ஃபைலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுவது இன்னொரு வம்பு. முதல் ஃபைலின் கடைசியில் உள்ள 01 வகை வரி ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். பல கருவிகள் அங்கேயே நின்றுவிடும். அதை நீக்கினாலும் 04 வகை வரியைக் கவனிக்க வேண்டும். முகவரிக்கு நான்கே இலக்கம் என்பதால் 65,536 பைட்டுக்கு மேல் எட்டாது. முகவரியின் மேல்பாதியைத் தருவது 04 வரி. அடுத்த 04 வரும்வரை அது செல்லுபடியாகும். எனவே முதல் ஃபைலில் இருந்த 04, இரண்டாவது ஃபைலையும் தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்புறம், ஃபைல் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்து என்பதால், வரிக்கு 16 பைட் வைத்தால், முகவரி, செக்சம் எல்லாம் சேர்த்து, வரி முடிவுக்கான இரண்டு எழுத்துகளோடு 45 எழுத்து ஆகும். 32 கேபி சிப்பை நிரப்பும் ஃபைல் ஏறத்தாழ 90 கேபி வரும். அதற்காகப் பெரிய சிப் வாங்க ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற வேண்டாம்.