கடைசி முக்கால் அடித் தண்ணீர்: இறால் பண்ணைக் கழிவுநீரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடிப்பு முடிந்த கையோடு மதகுப் பலகைகளை மொத்தமாக உருவிவிட்டு, விடிவதற்குள் குளம் காலியாகட்டும் என்று விடுவதுதான் முதல் தவறு. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் நான்கு அடி நீர் நிறுத்தும் ஒரு ஏக்கர் குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 49 லட்சம் லிட்டர் இருக்கும். ஐந்தில் மேலே உள்ள நான்கு பங்கு ஓரளவு தெளிவு. தீவன மிச்சம், இறால் கழிவு, செத்த பாசி எல்லாம் அடியில் கிடக்கும். மட்டம் இறங்க இறங்க ஓட்டம் வேகமெடுத்து அந்தச் சேற்றைக் கிளப்பும். மதகுவாயில் நின்றாலே தெரியும்: அதுவரை பச்சையாக வந்த நீர், முக்கால் அடி மிச்சமிருக்கும்போது கருத்து, நுரைத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பலகையை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். அந்தக் கடைசி ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 10 லட்சம் லிட்டர், சேறு அடியில் தங்கும்படி நீரை நிறுத்திவைக்கும் படிவுக் குளத்துக்குத்தான் போக வேண்டும்.

ஐந்தடி ஆழம் என்றால் அதற்கு 16 சென்ட் இடம் போதும். இடத்தை ஒதுக்கிவிட்டு, நீர் நுழையும் குழாயையும் வெளியேறும் குழாயையும் ஒரே கரையில் வைத்துவிடுகிறார்கள். வந்த நீர் குறுக்கே ஓடி அப்படியே வெளியேறும். மீதிக் குளம் சும்மா கிடக்கும். இரண்டையும் எதிரெதிர் மூலையில் வையுங்கள், நடுவே குறுக்குக் கரை ஒன்று போடுங்கள், வெளியேற்றம் மேல்மட்டத்திலிருந்து இருக்கட்டும். படிவுக் குளத்தில் ஏரேட்டர் (காற்றூட்டும் இயந்திரம்) ஓட்டவே கூடாது, படிந்ததைக் கலக்கிவிடும். ஏரேட்டர், படிவுக்குப் பிறகு நீர் போகும் அடுத்த குளத்துக்கு. அடியில் சேரும் சேற்றை வாராமல் விட்டால் இரண்டு பட்டத்தில் ஆழம் போய்விடும். வாரிய சேற்றை உப்பங்கழிக் கரையில் கொட்டினால் முதல் மழையிலேயே திரும்ப இறங்கும். அதில் உப்பு இருப்பதால் வயலுக்கும் ஆகாது. கரை கட்டிய மேட்டில் வெடிப்பு விழும்வரை காய வையுங்கள்.

'கடல்தானே, கரைந்துவிடும்' என்ற நினைப்பு இந்தக் கரைக்குப் பொருந்தாது. பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு; கோடையில் பல முகத்துவாரங்களை மணல் அடைத்துவிடும். விட்ட நீர் கழியிலேயே நிற்கும். பக்கத்துப் பண்ணை மோட்டார் அதைத்தான் ஏற்றும், அடுத்த பட்டத்துக்கு நீங்களும் அதைத்தான் ஏற்றுவீர்கள். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் அளவுகோலில் திறந்த கடலோரத்துக்கு பிஓடி (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 50 மில்லிகிராம். கழிக்கு 20 மட்டுமே. நீரில் கலந்து நிற்கும் திடத்துகள் இரண்டுக்கும் 100. கழியில் விடுபவர் 50-ஐ வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

படிவுக்கு அடுத்த குளத்தில் மடவை மீன், கஞ்சிப்பாசி வளர்த்தால் அமோனியாவும் பாஸ்பேட்டும் குறையும். வேகமாக வளர்கிறதே என்று கப்பாபைகஸ் பாசியைக் கொண்டுவந்து போடாதீர்கள். குருசடைத் தீவுப் பவளப்பாறை மேல் அது படர்ந்து மூடியதை மண்டபம் பக்கத்தார் அறிவார்கள்.

வெள்ளைப்புள்ளி என்ற வைரஸ் நோய் வந்த குளம் வேறு விஷயம். பயத்தில் உடனே மதகைத் திறப்பதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. அடைத்து வையுங்கள், செத்த இறாலை அரித்தெடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், பிறகு பிளீச்சிங் பவுடர். இங்கே மூன்று இடத்தில் சறுக்குகிறது. 60 பிபிஎம் (லிட்டருக்கு 60 மில்லிகிராம்) பவுடர் போட்டால் 60 பிபிஎம் குளோரின் கிடைக்காது. 30 சதவீதப் பவுடரில் கிடைப்பது 18 தான். மேலே சொன்ன குளத்துக்கு அதற்கே 300 கிலோ வேண்டும். கடற்காற்றில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் அந்த 30-உம் இருக்காது, புது மூட்டை வாங்குங்கள். இரண்டாவது, சுண்ணாம்பையும் பவுடரையும் நீரில் சேர்த்துப் போடுவது: பிஎச் ஏறி, குளோரினின் கொல்லும் சக்தி குறையும். மூன்றாவது, நண்பகலில் போடுவது. வெயில் குளோரினைத் தின்றுவிடும். அந்தி சாய்ந்தபின் போட்டு, ஒரு வாரம் அடைத்து வையுங்கள்.

திறக்கும் முன் ஒரு கண்ணாடிக் குழாயில் நீர் எடுத்து குளோரினைக் காட்டும் சோதனைத் திரவமான ஆர்த்தோடாலிடின் சில துளி விடுங்கள். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் மிச்சம் இருக்கிறது. கழியில் உள்ள மீன் குஞ்சும் இறால் குஞ்சும் சாகும். ஒரு பங்கு குளோரினை முறிக்க ஏழு பங்கு சோடியம் தயோசல்பேட். அதாவது, 10 லட்சம் லிட்டரில் 1 பிபிஎம் மிச்சமிருந்தால் 7 கிலோ கரைத்து ஊற்றி, மறுபடி சோதித்து, நிறம் வராத பிறகே பலகையைத் தூக்குங்கள்.