கொழும்பிலிருந்து புறப்படுமுன்: எந்தப் பத்திரம் முதலில், ஏன்?

விசா கிடைத்த பிறகு பத்திரம் தேடினால், தேடுவது வெளிநாட்டில் இருக்கும் நீங்களாகவும் பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு அலைவது ஊரில் இருக்கும் தம்பியாகவும் முடியும். பத்திரங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து அடையாள அட்டை, அடையாள அட்டையைப் பார்த்துக் கடவுச்சீட்டு, கடவுச்சீட்டைப் பார்த்துப் பொலிஸ் கிளியரன்ஸ், அதாவது உங்கள்மேல் குற்றப் பதிவு இல்லை என்று பொலிஸ் தரும் சான்றிதழ். முதலாவதில் இருக்கும் பிழை கடைசிவரை கூடவே வரும். பொலிஸ் சான்றிதழ் கைக்கு வந்தபின் பிறப்புச் சான்றிதழைத் திருத்தினால், நடுவில் உள்ள எல்லாவற்றையும் மறுபடி எடுக்கவேண்டி வரும்.

ஆகவே ஒரு நாள் ஒதுக்கி, வீட்டில் உள்ள எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ, அதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். சிவகுமாரன் ஓரிடத்தில் எஸ் என்ற எழுத்தில் தொடங்குவார், இன்னோரிடத்தில் பக்கத்தில் ஓர் எச் ஒட்டிக்கொண்டிருக்கும். தவராஜாவுக்குக் கடைசியில் எச் இருக்கும், இல்லாமலும் போகும். நமக்கு இது ஒரே பெயர். அங்கே கணினிக்கு முன்னால் இருக்கிறவருக்கு இரண்டு ஆட்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் தகப்பன் பெயர். நம்மில் பலரின் பிறப்புச் சான்றிதழில் பிள்ளைக்கு இட்ட பெயர் மட்டுமே இருக்கும், தகப்பன் பெயர் தனிக் கூட்டில் இருக்கும். கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு இடம். எதை எங்கே போடுவதென்று விண்ணப்பம் நிரப்பும்போதே முடிவெடுங்கள். அப்படி முடிவெடுத்தது போல்தான் பிறகு விமான டிக்கெட்டிலும் வங்கியிலும் சம்பளப் பத்திரத்திலும் இருக்கவேண்டும். கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர் வருவதில் தவறில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு வந்தால்தான் சங்கடம்.

அடையாள அட்டையின் இலக்கத்திலேயே பிறந்த தேதி ஒளிந்திருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கு. அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள் என்றே கணக்கு. 1987 மே 15 பிறந்த ஆணுக்கு 136, பெண்ணுக்கு 636 வரவேண்டும். வராவிட்டால் எங்கேயோ தேதி பிசகியிருக்கிறது.

எழுத்தில் சின்ன வேறுபாடு என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கையில் வைத்திருக்கலாம். பிறந்த தேதியோ பெயரோ பதிவிலேயே பிழை என்றால் சத்தியக்கடதாசியை நம்பிப் புறப்படாதீர்கள். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்துப் பதிவையே திருத்த வேண்டும். இதற்கு மாதக் கணக்கில் எடுக்கலாம், ஆகவே இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

பிறப்பு, விவாகச் சான்றிதழ்களில் அம்மா அலுமாரியில் வைத்திருந்த பழைய பிரதியை நம்பாமல் புதிய பிரதிகள் எடுங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று. கணினிமயமாக்கப்பட்ட பதிவென்றால், பிறந்தது பருத்தித்துறை என்றாலும் கொழும்பிலுள்ள பிரதேச செயலகத்திலேயே எடுக்கலாம். யுத்தத்தில் பதிவேடு அழிந்து, தேடியும் கிடைக்காதவர்கள் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போகவேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டவர்கள் பதிவுத் திருமணத்தையும் முடியுங்கள். பதிவு இல்லையென்றால் விவாகச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாமல் துணைவர் விசாவுக்குப் போவது வீண் அலைச்சல்.

எதையும் லமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பென்று நினைத்துச் செய்வது, ஆனால் பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை குத்த முடியாது.

கடவுச்சீட்டு காலாவதிக்கு ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகள் ஏற்காது. ஒரு வருடம்தான் மிச்சம் என்றாலும் இப்போதே புதிதாக எடுப்பது நல்லது, ஏனென்றால் பொலிஸ் கிளியரன்ஸ், மருத்துவப் பரிசோதனை, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எல்லாவற்றிலும் அந்தக் கடவுச்சீட்டு இலக்கம்தான் ஏறும். படத்தைக் கண்ட ஸ்டூடியோவில் எடுக்க முடியாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோதான் படத்தை நேரே திணைக்களத்துக்கு அனுப்பி, உங்களுக்கு ஒரு துண்டு தரும். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள். தலைமையகம் பத்தரமுல்லை சுஹுருபாயவில். வவுனியா, கண்டி, மாத்தறை, குருநாகலிலும் கிளைகள் உண்டு. வாசலில் நின்று ‘இன்றைக்கே எடுத்துத் தரலாம்’ என்கிற தரகர்களுக்கு ஒரு சதமும் வேண்டாம்.

பொலிஸ் கிளியரன்ஸுக்குப் பொலிஸ் தலைமையகத்தில், இப்போது இணையம் வழியாக, விண்ணப்பிக்கலாம். நீங்கள் இருந்த முகவரிகளை அந்தந்தப் பொலிஸ் நிலையம் சரிபார்க்கும். அதனால் இடம்பெயர்ந்து இருந்த வீடு, கொழும்பில் வாடகைக்கு இருந்த அறை எதையும் விடாமல் மாதத்தோடு எழுதுங்கள். சவூதியிலோ இந்தியாவிலோ இருந்தவர்கள் அந்த நாட்டுச் சான்றிதழையும் தேடவேண்டி வரலாம். கனடா கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்குமேலோ இருந்த நாடுகளைக் கேட்கிறது, அவுஸ்திரேலியா மொத்தமாக 12 மாதம் இருந்த நாடுகளை. மிக முந்தியும் எடுக்காதீர்கள். இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும் என்பது கனடாவின் விதி.

அடுத்தது மொழிபெயர்ப்பு. தமிழிலோ சிங்களத்திலோ உள்ளதைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். வெள்ளவத்தையிலும் புதுக்கடை நீதிமன்றச் சுற்றிலும் தேடலாம். கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, ‘பெயர் இதில் உள்ளபடி வரவேண்டும்’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் தமிழ் எழுத்தைப் பார்த்துத் தனக்குத் தோன்றிய எழுத்துக்கூட்டலைப் போடுவார். மேசையில் தாள் வைத்துச் செய்த வேலையெல்லாம் அந்த ஓர் இடத்தில் வீணாகும். மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி, கையொப்பம், தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் மொழிபெயர்ப்பாளரின் விபரம் கேட்கும்.

வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் முத்திரை குத்துவது எல்லாருக்கும் வேண்டியதில்லை. கட்டார், துபாய் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பட்டச் சான்றிதழில் அது வேண்டும், அதன்பிறகு கொழும்பிலுள்ள அந்த நாட்டுத் தூதரகத்திலும் வேலை இருக்கும். கொன்சியூலர் பிரிவு பார்ப்பது சான்றிதழில் கையொப்பமிட்ட அதிகாரியின் கையொப்பத்தை. அதனால்தான் முப்பது வருடப் பழைய பிரதியோடு போனால் திரும்பி வரவேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் இதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு.

சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பள்ளிக்கூட அதிபரின் கடிதமாக அல்லாமல் பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழாகவே எடுங்கள். பல்கலைக்கழகப் பாடவாரிப் பெறுபேற்றுப் பத்திரத்தைக் (ட்ரான்ஸ்கிரிப்ட்) கனடாவில் மதிப்பிடும் நிறுவனங்கள் உங்கள் கையிலிருந்து ஏற்காது. பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பவேண்டும், அதற்கான விண்ணப்பத்தை இங்கே இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை, அது ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும். வேலைக்குப் போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகாதீர்கள், அங்கே தடுக்கப்படலாம்.

பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவேட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி இங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதைக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் கணக்கில் எடுக்காது. பதிவேடு இருந்தால் இன்னும் ஓர் ஊசியோடு முடியலாம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடச் சொல்லலாம்.

காணி, வங்கி, ஓய்வூதிய அலுவல்களுக்கு ஊரில் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்படும் அதிகாரம்) கொடுப்பதென்றால், அதைப் புறப்படுமுன் நொத்தாரிசு முன் முடித்துப் பதியுங்கள். வெளிநாட்டிலிருந்து செய்வதென்றால் இலங்கைத் தூதரகத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போகவேண்டும். எதற்கு அதிகாரம் என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிறகு காணிக்காக வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மூலப் பத்திரங்கள் கைப்பையில் போகவேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல. போட்டோ கொப்பி ஒரு தொகுதி பெட்டியில், ஒரு தொகுதி வீட்டில். நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, பின்பக்கத்தில் முத்திரை இருந்தால் பின்பக்கத்தையும் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பெயர்களை எழுதிய அந்தத் தாளையும் கூடவே கொண்டுபோங்கள், அங்கே நிரப்பும் முதல் விண்ணப்பத்துக்கே அது தேவைப்படும்.